நரகத் தீயின் சூரியகாந்திகள்: ஏமாற்றிய ஒரு கோனன் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு இது?

ஜப்பானிய அனிமேஷன் தொடரான டிடெக்டிவ் கோனன் வரிசையின் 19ஆவது திரைப்படம். ஜப்பானியப் பெயர் 'கோகா நோ ஹிமாவாரி'. தமிழில் 'நரகத் தீயின் சூரியகாந்திகள்' என்று சொல்லலாம். ஜப்பானில் 2015 ஏப்ரல் 18 அன்று வெளியானது. இயக்கம் ஷிசுனோ கோபுன், திரைக்கதை சகுராய் தகேஹாரு. வட அமெரிக்காவில் இந்தத் தொடர் 'கேஸ் குளோஸ்டு' என்ற பெயரில் வந்ததால் சில இடங்களில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டியிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

கோனன் யாரென்றே எனக்குத் தெரியாதே?

குடோ ஷினிச்சி என்று 17 வயதுப் பள்ளி மாணவன், போலீஸுக்கே துப்புத் துலக்கிக் கொடுக்கிற கெட்டிக்காரன். கறுப்பு உடைக்காரர்கள் இருவர் அவனைத் தீர்த்துக்கட்ட ஒரு விஷ மாத்திரையை விழுங்க வைக்கிறார்கள். சாவதற்குப் பதில் ஒன்றாம் வகுப்புப் பையனாகச் சுருங்கிவிடுகிறான். எடோகாவா கோனன் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு தோழி ரானின் வீட்டிலேயே ஒட்டிக்கொள்கிறான். அவளுடைய அப்பா மோரி கோகோரோ ஒரு தனியார் துப்பறிவாளர், ஆனால் மந்தம். அவரை மயக்க ஊசியால் தூங்க வைத்துவிட்டு, அவர் குரலிலேயே பேசி வழக்கை முடிப்பது பையனின் வழக்கம்.

அயோயாமா கோஷோ 1994இல் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை இது. தொலைக்காட்சித் தொடர் 1996 ஜனவரியில் வந்தது. 1997 முதல் ஆண்டுக்கு ஒரு திரைப்படம், ஏப்ரலில், ஜப்பானின் 'கோல்டன் வீக்' விடுமுறையைக் குறிவைத்து. கொரோனாவால் 2020 மட்டும் தவறியது. இத்தனை ஆண்டுகளில் பையன் ஒன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை.

முடிவைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியுமா?

நியூயார்க்கில் ஓர் ஏலம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானில் எரிந்து சாம்பலானதாக எல்லோரும் நம்பிய, டச்சு ஓவியர் வான்கோவின் சூரியகாந்தி ஓவியம் ஒன்று திடீரென்று வெளியே வருகிறது. சுசூகி ஜிரோகிச்சி என்ற பெரும் பணக்காரக் கிழவர் 30 கோடி டாலருக்கு அதை எடுக்கிறார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஏழு சூரியகாந்திகளையும் ஜப்பானில் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காட்டப்போவதாக அறிவிக்கிறார். காவலுக்கு ஏழு நிபுணர்கள், அவர்களுக்கு 'ஏழு சாமுராய்கள்' என்று பட்டம் வேறு.

அங்கே வெள்ளைக் கோட்டும் ஒற்றைக் கண்ணாடியுமாகக் கைடோ கிட் வந்து நிற்கிறான். மந்திரவாதித் திருடன், கோனனின் பழைய எதிராளி. ஓவியத்தை ஏற்றிவந்த விமானத்தில் வெடி வெடிக்கிறது, ஹனேடா விமான நிலையத்தில் அது தட்டுத்தடுமாறி இறங்குகிறது. 'தன் வித்தையில் ஒருவருக்கும் காயம் படக்கூடாது' என்று இருப்பவன் கிட். அவன் ஏன் இப்படிச் செய்தான் என்பதுதான் கோனனின் கேள்வி. கடைசியில் எல்லோரும் ஒரு சுண்ணாம்புக் குகைக்குள் கட்டிய அருங்காட்சியகத்தில் கூடுகிறார்கள். படத்தின் பெயரில் தீ இருக்கிறது. மிச்சத்தை ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் ஏமாற்றம்?

கேட்க நன்றாக இருப்பதுதான் தொல்லையே. சொல்லும்போது இருக்கிற சுவை பார்க்கும்போது இல்லை.

முதல் குறை, ஏழு சாமுராய்கள். துப்பறியும் கதையில் ஏழு பேரை வரிசையாக நிறுத்தினால் ஏழு பேர் மேலும் நமக்குச் சந்தேகம் வர வேண்டும். இவன் ஏன் அப்படிச் சிரித்தான், அவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று மனம் குடைய வேண்டும். இங்கே பாதிப் பேரின் பெயர்கூட மனதில் நிற்பதில்லை. அறிமுகக் காட்சியில் வரிசையாக முகம் காட்டுகிறார்கள், அப்புறம் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார்கள். நியூயார்க் போலீஸ்காரர் சார்லி மட்டும் கொஞ்சம் நிற்கிறார். அதுவும் அவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிட்டைத் துரத்துவதால்தான்.

இரண்டாவது, குற்றவாளி. கோனன் படங்களில் ஆண்டுதோறும் ஒரு பிரபல நடிகரையோ நடிகையையோ விருந்தினராகக் குரல் கொடுக்க அழைப்பது வழக்கம். அந்தக் குரல் பழைய கைகளின் குரல்களுக்கு நடுவே தனியாகத் தெரியும். ஒரு பாத்திரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு விளம்பரம் என்று யோசித்தவர்களுக்கு இந்தப் படத்தில் பாதி வழக்கு டிக்கெட் வாங்கும்போதே முடிந்துவிட்டது. ஜப்பானிய மொழி தெரியாமல் சப்டைட்டில் வைத்துப் பார்த்த நானே முதல் அரை மணி நேரத்தில் விரலை நீட்டிவிட்டேன். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, துப்பறிதலே இல்லை. கோனன் ஓடுகிறான், குதிக்கிறான், சறுக்குப் பலகையில் பறக்கிறான், பந்தை உதைக்கிறான். உட்கார்ந்து யோசிப்பது குறைவு. நம் கண்ணெதிரே துப்புகளைப் போட்டுவைத்து, 'அட, இதைப் பார்த்தும் கவனிக்கவில்லையே' என்று நம்மைத் தலையில் அடித்துக்கொள்ள வைப்பதுதான் இந்தத் தொடரின் பழைய கலை. இங்கே விடை வரும்போது தலையில் அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. 'ஓ, சரி' என்று தோன்றுகிறது. அவ்வளவுதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு படம் எடுத்தால் நாலு படம் சறுக்கத்தான் செய்யும். என் ஆதங்கம் வேறு. இந்தக் கதைக்குப் பின்னால் உண்மையில் நடந்த ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. எரிந்துபோன ஓவியம், தலைசுற்றும் விலைக்குப் போன ஏலம், போலியா அசலா என்ற பல ஆண்டுச் சண்டை, கடைசியில் ஒரு நூலிழை கொடுத்த சாட்சியம். எல்லாம் எழுதுகிறவர்களின் மேசைமேலேயே கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குகைக்குத் தீ வைக்கப் போய்விட்டார்கள்.

போரில் எரிந்த ஓவியம் என்பது உண்மையா, கற்பனையா?

உண்மை. 1888 ஆகஸ்டில் பிரான்சின் தெற்கே ஆர்ல் நகரில் வான்கோ நான்கு சூரியகாந்தி ஓவியங்களைத் தீட்டினார். நண்பர் பால் கோகான் வந்து தங்கப்போகிற அறையை அலங்கரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பிறகு அவற்றில் இரண்டைப் பார்த்து மேலும் மூன்று வரைந்தார். ஆக, ஜாடியில் வைத்த ஆர்ல் சூரியகாந்திகள் மொத்தம் ஏழு. படம் சொல்லும் எண்ணிக்கை சரிதான்.

இவற்றில் இரண்டாவதை, கருநீலப் பின்னணியில் இருந்த ஓவியத்தை, 1920இல் யமமோட்டோ கோயாட்டா என்ற ஜப்பானியத் தொழிலதிபர் வாங்கினார். மேற்கத்திய ஓவியங்களை ஜப்பானிய மக்களின் கண்ணில் காட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த எழுத்தாளர் முஷனோகோஜி சானேஅட்சு கேட்டுக்கொண்டதால் வாங்கியது. 1921இல் டோக்கியோவில் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவே உள்ள அஷியா என்ற ஊரில் அவர் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1945 ஆகஸ்ட் 6 அதிகாலை அமெரிக்க விமானங்கள் அஷியாவில் தீக்குண்டுகளைப் போட்டன. சட்டத்தோடு கனமாக இருந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. வீட்டோடு எரிந்தது. அன்று காலை விடிந்த பிறகுதான் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அந்தச் செய்திக்கு முன்னால் ஒரு பூ ஓவியம் எரிந்ததை யார் நினைக்கப்போகிறார்கள்?

அந்த ஓவியம் எரியாமல் தப்பியிருந்தால் என்ற ஒற்றைக் கேள்வியில்தான் படம் தொடங்குகிறது. அருமையான தொடக்கம் என்பதை மறுக்கவே முடியாது.

போலி ஓவியம் என்ற சண்டையும் உண்மையில் நடந்ததா?

நடந்தது. ஆனால் அது வேறு ஓவியத்தைப் பற்றியது. படத்தில் 'ஐந்தாவது' என்று குறிப்பிடப்படும், டோக்கியோவில் இருக்கும் சூரியகாந்தி.

1987 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் யசுதா என்ற ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனம் அதை 2.475 கோடி பவுண்டுக்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4 கோடி டாலர். அதுவரை எந்த ஓவியமும் அந்த விலைக்குப் போனதில்லை. ஜப்பானில் பணம் கரைபுரண்டு ஓடிய காலம் அது. டோக்கியோ ஷின்ஜுகுவில் அவர்களுடைய தலைமையகத்தின் 42ஆவது மாடியில் இருந்த அருங்காட்சியகத்தில் மாட்டிவைத்தார்கள். 2020 முதல் பக்கத்திலேயே கட்டிய தனிக் கட்டடத்தில் இருக்கிறது.

பத்து ஆண்டு கழித்து, 1997 வாக்கில், 'இது வான்கோவின் கையே இல்லை' என்று சிலர் கிளம்பினார்கள். சந்தேகத்துக்கு இரண்டு காரணங்கள் சொன்னார்கள். வான்கோ தம்பிக்கு எழுதிய கடிதங்களில் தன் ஓவியங்களைப் பற்றி விலாவாரியாகச் சொல்லும் வழக்கமுள்ளவர், இதைப் பற்றித் தெளிவாக ஒரு குறிப்பும் இல்லை. இன்னொன்று, இந்த ஓவியம் ஆரம்பத்தில் ஷூஃபெனெக்கர் என்ற ஓவியரின் கையில் இருந்தது. அவர் மற்றவர் ஓவியங்களில் கைவைத்தவர் என்று பெயர் எடுத்தவர்.

வழக்கு எப்படித் தீர்ந்தது தெரியுமா? துணியால். 1888 அக்டோபரில் கோகான் ஆர்ல் வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து வரைவதற்காக 20 மீட்டர் சணல் துணி வாங்கினார். முரடான கோணித் துணி, ஓவியர்கள் சாதாரணமாகத் தொடாத சரக்கு. அந்தச் சுருளிலிருந்து வெட்டிய துண்டுகளில் இருவரும் வரைந்த ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. 2001-02இல் சிகாகோவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் நடந்த வான்கோ-கோகான் கண்காட்சியையொட்டி ஆய்வாளர்கள் டோக்கியோ ஓவியத்தையும் மற்றவற்றோடு வைத்துப் பரிசோதித்தார்கள். அதே சணல். கோகான் தங்கியிருந்த சில வாரங்களில், ஆர்ல் வீட்டுக்குள்ளேயே வரைந்தது என்று முடிவானது. மோசக்காரன் என்று பேர்வாங்கியவர் நிரபராதி, ஓவியம் அசல், சாட்சி சொன்னது ஒரு கோணித் துணி.

இதைவிட நல்ல கோனன் கதை உண்டா? நூலை எண்ணிப் பார்த்து வழக்கை முடிப்பது அப்படியே அந்தப் பையன் செய்கிற வேலை.

படம் இதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லையா?

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.)

பயன்படுத்திக்கொண்டது. எங்கே என்றால் குற்றவாளியின் நோக்கத்தில். இரண்டாவதும் ஐந்தாவதும் போலிகள், அசல்களுக்குப் பக்கத்தில் போலிகள் தொங்குவது வான்கோவுக்கே அவமானம், ஆகவே அவற்றைக் கொளுத்திவிட வேண்டும். இதுதான் அந்தப் பாத்திரத்தின் வெறி. அதற்காக ஒரு விமானத்தில் இருக்கிறவர்களின் உயிரையும் ஓர் அருங்காட்சியகக் கூட்டத்தையும் பணயம் வைக்கிறது.

பார்த்தீர்களா? அசலா போலியா என்பதுதான் கதையின் அச்சு. அந்தக் கேள்வியை முதலிலேயே எழுப்பி, ஏழு நிபுணர்களையும் அதன்மேல் மோத விட்டிருக்கலாம். ஒருவர் கடிதத்தைக் காட்ட, இன்னொருவர் துணியைக் காட்ட, மூன்றாமவர் வண்ணத்தைக் காட்ட, நடுவில் கோனன் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நிற்க, என்ன படமாக இருந்திருக்கும்! அதை விட்டுவிட்டுக் கடைசிச் சில நிமிடங்களில், ஒப்புதல் வாக்குமூலத்தில், அவசரமாகச் சொல்லி முடிக்கிறார்கள். போலி என்று ஒருவருக்கு ஏன் தோன்றியது, அது ஏன் தவறு என்றெல்லாம் நிதானமாக விவாதிக்க நேரமில்லை, ஏனென்றால் அதற்குள் கூரை இடிந்து விழ ஆரம்பித்துவிடுகிறது.

கிட் ரசிகர்கள் பார்க்கலாமா?

பார்ப்பார்கள், யார் சொன்னாலும் கேட்கப்போவதில்லை. கிட் இதில் நிறையவே வருகிறான். ஷினிச்சியின் முகத்தில் வேடம் போட்டு வருகிற இடங்கள் அவர்களுக்கு விருந்து. கிட்டுக்கும் ஷினிச்சிக்கும் ஒரே குரல் நடிகர், யமகுச்சி கப்பேய். அதனால் அந்த வேடம் காதுக்கும் பொருந்திவிடும்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிட் எப்போதும் பெரிய ரத்தினங்களைத் திருடுகிறவன். தேடுவது கிடைக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவான். அப்படிப்பட்டவன் ஓவியத்தின் பின்னால் ஏன் அலைகிறான் என்பது படத்தில் உண்மையிலேயே நல்ல புதிர். அதற்கான விடையில் ஒரு மூதாட்டியின் பழைய நினைவும் அஷியாத் தீயும் கலந்திருக்கின்றன. படத்தில் மனதைத் தொடுகிற ஒரே இழை அதுதான். குறை என்னவென்றால், முக்கால்வாசிப் படம் வரை கிட் கெட்டவனாகிவிட்டானோ என்று நம்ப வைக்கப் பார்க்கிறார்கள். தொடரை அறிந்த ஒருவரும் ஒரு நிமிஷம்கூட நம்ப மாட்டார்கள்.

படம் தோல்வியா?

அதுதான் வேடிக்கை. சுமார் 448 கோடி யென் வசூல். முந்தைய ஆண்டுப் படம் எடுத்ததைவிட அதிகம், அன்றைய நிலையில் தொடரிலேயே சாதனை. ரசிகர்கள் கோனன் படங்களை வரிசைப்படுத்தும்போது இதை அடிமட்டத்தில் வைப்பதும் வழக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அதற்குப் பிறகு வசூல் பெரும்பாலும் ஏறிக்கொண்டே போய், 2023 ஏப்ரல் படம் 1,300 கோடி யென்னைத் தாண்டியது.

யார் மேல் தப்பு? எழுதியவரா, இயக்கியவரா?

எழுதியவரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது சுலபம், ஆனால் வழக்கு நிற்காது. இதே சகுராய்தான் அடுத்த ஆண்டு 'கறுப்புக் கொடுங்கனவு' என்ற 20ஆவது படத்தையும், 2018இன் 22ஆவது படத்தையும், மேலே சொன்ன 2023 படத்தையும் எழுதியவர். அவையெல்லாம் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் படங்கள். ஷிசுனோவும் 2011 முதல் 2017 வரை தொடர்ந்து இந்தப் படங்களை இயக்கியவர். விறுவிறுப்பு, வெடி, பிரம்மாண்டம் என்று தொடரின் போக்கையே மாற்றிய கை அவருடையது.

என் கணிப்பு, கிட்டும் ஓவியமும் கலந்த கதை அந்தப் பாணிக்கு ஒத்துவரவில்லை. உளவாளி, நீர்மூழ்கி, அந்தக் கறுப்பு உடைக்காரர்களின் அமைப்பு என்றால் வெடி பொருந்துகிறது. ஓவியம் என்பது நின்று பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

நல்லது ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. ஹனேடா விமானக் காட்சி நன்றாக எடுக்கப்பட்டது. ஓவியங்களை வரைந்து காட்டியிருப்பதில் அக்கறை தெரிகிறது, அஷியாவின் கருநீலத்தைத் திரையில் பார்க்கும்போது ஒரு கணம் மூச்சு நிற்கும். போர்னோ கிராஃபிட்டி குழுவின் முடிவுப் பாட்டும் துள்ளலானது.

அப்படியானால் இதற்குப் பதில் எந்தப் படம் பார்ப்பது?

கிட்டும் கலைப்பொருளும் சேர்ந்த கதைதான் வேண்டும் என்றால் 1999இல் வந்த மூன்றாவது படம், 'நூற்றாண்டின் கடைசி மந்திரவாதி'. கிட் வந்த முதல் கோனன் திரைப்படம். ரஷ்ய ரோமனோவ் அரச குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட அலங்கார முட்டை ஒன்றைச் சுற்றி நடக்கிறது. அதில் வரலாறே புதிர், புதிரே கதை. சூரியகாந்திப் படம் எப்படி வந்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல். துப்பறிதல் மட்டும் போதும் என்பவர்களுக்கு 1998இன் இரண்டாவது படம்.

சிறு பிள்ளைகளோடு பார்க்கலாமா?

தீயும் இடிபாடும் நிறைய இருக்கின்றன, ரத்தம் குறைவு. ஷின்-சான் மாதிரி நினைத்துக்கொண்டு ஐந்து வயதுக் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் சரி.

ஏழு சூரியகாந்திகளையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?

அசலாக முடியாது. ஒன்று எரிந்துவிட்டது, ஒன்று தனியார் கையில் இருக்கிறது, மற்றவை லண்டன், மியூனிக், ஆம்ஸ்டர்டாம், பிலடெல்பியா, டோக்கியோ என்று ஆளுக்கொரு மூலையில்.

ஆனால் ஜப்பானின் ஷிகோகு தீவில் நருட்டோ என்ற ஊரில் ஓட்சுகா அருங்காட்சியகம் இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ஓவியங்களை அதே அளவில் பீங்கான் பலகைகளில் அச்சேற்றி, சூளையில் சுட்டு வைத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேல் உண்டு. 2014இல், அதாவது படம் வருவதற்கு முந்தைய ஆண்டு, எரிந்துபோன அஷியா ஓவியத்தைப் பழைய வண்ண அச்சுப் படத்தை வைத்து மறுபடி உருவாக்கினார்கள். 2018இல் ஏழையும் ஒரே அறையில் மாட்டினார்கள். ஜிரோகிச்சி 30 கோடி டாலர் கொடுத்துக் கண்ட கனவு, நுழைவுச்சீட்டு வாங்கினால் கிடைக்கிறது. படம் எடுக்கத் தடையில்லை. முழுவதையும் நடந்து பார்க்க ஒரு நாள் போதாது என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.